முதல் விலையில் தரம் வேண்டும்

தோல் மண்டியின் கணக்கு எளிமையானது. வெள்ளாட்டுத் தோல் ஒன்றுக்கு இன்ன விலை, செம்மறிக்கு இன்ன விலை. கறிக்கடையிலிருந்து வந்து இறங்கும் தோலில் கத்தி எங்கே பட்டிருக்கிறது, எத்தனை மணிக்கு உரித்தது, உப்பு எப்போது போட்டது என்று அந்த முதல் கைமாற்றத்தில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதே தோல் ஊறல், சுண்ணாம்பு, சதை சீவல் எல்லாம் கடந்து, குரோமில் பதனிட்ட ஈர நீலத் தோலாக, அதாவது வெட் புளூவாக மாறிய பிறகு மேசையில் விரிக்கிறோம். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து ஐந்தாறு தரமாகப் பிரிக்கிறோம். தரம் கெடுகிற இடத்தில் ஒரே விலை, கெட்டதைத் திருத்தவே முடியாத இடத்தில் பல விலை. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதுதான் இந்த இதழில் நாம் சொல்ல வருவது.

இதைப் பேச மணிமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் நடுவே, ஒரகடம் தொழில் வட்டாரத்தை ஒட்டிய ஊர். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல், 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர் லாரி ஆலை என்று ஒரகடம் நிரம்பியது வரை, வேலைக்கு வந்தவர்களின் கூட்டம் இந்தச் சாலைகளின் ஓரத்தில் விடுதிகளையும் மெஸ்களையும் பிரியாணிக் கடைகளையும் வளர்த்தது. ஞாயிறு காலையில் இந்த வட்டாரத்துக் கறிக்கடைகளில் விழும் தோல் சிறு எண்ணிக்கை அல்ல. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் சொந்த ஆடான மெட்ராஸ் சிவப்புச் செம்மறியும் இங்கேதான் மேய்கிறது. கம்பளி இல்லாத முடி ஆடு என்பதால் அதன் தோலின் மேற்பரப்பு இறுக்கமானது. மேச்சேரி ஆட்டுத் தோலுக்குச் சந்தையில் உள்ள பெயர் இதற்கு இல்லாவிட்டாலும், முறையாக உரித்து முறையாகக் காத்தால் நல்ல மேற்தோலுக்கு ஏற்ற சரக்கு.

இன்னொரு பக்கம் பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டை. 1912இல் சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற இடம் குரோம்பேட்டை. மணிமங்கலத்திலிருந்து இந்தத் தோல் ஆலைகள் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். ஆடு அறுபடும் கடைக்கும் தோல் ஊறும் தொட்டிக்கும் இவ்வளவு குறைந்த இடைவெளி வாய்த்த இடங்கள் நம் மாநிலத்தில் அதிகம் இல்லை. ஆனாலும் இங்கிருந்து போகும் தோல், தொலைதூரத்திலிருந்து லாரியில் ஒரு வாரம் கழித்து வரும் தோலைப் போலவே நடத்தப்படுகிறது: கடையில் காத்திருப்பு, மண்டியில் உப்பு, சென்னைப் பெரியமேட்டுத் தோல் சந்தையில் வியாபாரம், பிறகு ஆலை.

தோல் கெடுவதற்கு ஆகும் நேரம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். உரித்த கணத்தில் தோலின் வெப்பம் உடல் வெப்பம். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். இரத்தமும் சாணமும் பட்ட தோலில், சென்னையின் வெக்கையில், பாக்டீரியா அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். குளிர்நாட்டுப் பாடநூல் ஆறு மணி நேரத்துக்குள் பதப்படுத்தச் சொன்னால் நாம் மூன்று, நான்கு என்று கொள்வதே பாதுகாப்பு. கேடு முதலில் தெரிவது முடிக்காலில். வயிற்றுப் பக்கத்து முடியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்போதே மேற்பரப்பில் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். அதன் மேல் எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் அரித்தது அரித்ததுதான். சாயம் ஏற்றும்போது மங்கலாகவும் திட்டுத் திட்டாகவும் அது தலைகாட்டும். அன்றைக்கு நாம் சாயக்காரரோடு சண்டை போடுவோம்.

உப்பின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ பச்சைத் தோலில் தண்ணீர் சுமார் 650 கிராம். 100 கிராம் தண்ணீர் 36 கிராம் உப்பைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆக, உள்ளிருக்கும் தண்ணீர் முழுவதையும் உப்பேற்ற 234 கிராம் போதும். நாம் போடுவது எடையில் 40 முதல் 50 விழுக்காடு, அதாவது 400 முதல் 500 கிராம். மிகுதிக்குக் காரணம் உண்டு. தோலின் ஒவ்வொரு அங்குலத்திலும் கல் உப்பு தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வெளியேறும் உப்புநீர் ஒரு பங்கை வடித்துக்கொண்டு போகும். கரையாத உப்பு மிஞ்சியிருந்தால்தான் உள்ளே போவது நிற்காமல் நடக்கும். ஆனால் இந்தக் கணக்கு நான்கு நிபந்தனைகளோடு வருகிறது. சதையும் கொழுப்பும் சீவியிருக்க வேண்டும், ஏனென்றால் கொழுப்பைத் தாண்டி உப்பு நுழையாது. தோலின் சூடு ஆறியிருக்க வேண்டும். அடுக்கு சாய்தளத்தில் இருந்து நீர் வடிய வேண்டும். ஓரிரு நாளில் அடுக்கைப் பிரித்து மறு உப்பு போட வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் அடுக்கின் நடுவே சூடு ஏறும். மேலே உள்ள தோலைப் பார்த்து ஏமாந்துவிடுவோம்.

உதறி எடுத்த பழைய உப்பை மறுபடி போடும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதில் இரத்தமும் உப்பைத் தாங்கி வளரும் நுண்ணுயிர்களும் சேர்ந்தே இருக்கின்றன. வெக்கை காலத்தில் அடுக்குத் தோலின் சதைப் பக்கம் ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தால் அது அவற்றின் வேலை. கடல் உப்பிலேயே அவை உண்டு. பழைய உப்பில் பெருகிக் கிடக்கின்றன. மூட்டைக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்து ஒரு அடுக்கையே தரம் இறக்குவது எந்த வியாபாரக் கணக்கிலும் சேராது.

உப்பு போடாமல் உலர்த்தும் முறைக்கு வருவோம். தொலைவுக் கிராமங்களிலும் தோல் கருவி செய்பவர்களிடமும் அது இன்றும் இருக்கிறது. உலர்த்தலில் நம்மவர்கள் செய்யும் பெரும் பிழை அவசரம். ஈரத் தோலைச் சூடான தரையில் வெயிலுக்கு நேரே விரிப்பதால் மேலும் கீழும் சட்டென்று காய்ந்து ஓடு கட்டிக்கொள்கிறது. நடுவில் உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே அழுகுகிறது. ஈரமான கொலாஜன் 60 டிகிரியை ஒட்டிச் சுருங்கும்; அதற்குக் கீழேயும் நீண்ட நேரச் சூட்டில் பசையாக மாறத் தொடங்கும். சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரை தொட முடியாத சூட்டில் இருக்கிறது என்பதை நினைத்தால் மீதியை விளக்க வேண்டியதில்லை. ஊறல் தொட்டியில் போட்ட பிறகுதான் அந்தப் பசைப்பகுதி கரைந்து ஓட்டையாகத் தெரியும். நிழலில், காற்றோட்டத்தில், சட்டத்தில் அல்லது கயிற்றில், சதைப் பக்கம் வெளியே தெரியும்படி தொங்கவிட்டு ஈரத்தைப் பதினைந்து விழுக்காட்டுக்குக் கீழே மெல்ல இறக்குவதுதான் முறை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது இந்த முறையும் கைகொடுக்காது. அப்போது உப்பைத் தவிர வேறு வழியில்லை.

வட அமெரிக்காவில் ராக்கூன் தோலை ரோமத்தோடு விற்பவர்கள் இதே விதிகளைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். அந்த விலங்கின் தோலில் கொழுப்பு மிக அதிகம். வளைவான மரத்தில் தோலைப் போர்த்தி, இரண்டு பிடி வைத்த கத்தியால் கொழுப்பைச் சீவி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, அடுப்புச் சூடு படாத 15 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த அறையில் நாள்கணக்கில் உலர்த்துவார்கள். கொழுப்பு மிஞ்சினாலோ சூடு ஏறினாலோ தோல் எரிந்த மாதிரி நொறுங்கும், ரோமம் உதிரும். காட்டு விலங்குத் தோல் வியாபாரத்துக்கு நம் நாட்டில் இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் ஒருபக்கம். 2017இல் மிங்க், நரி, சின்சில்லா ரோமத் தோல்களின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. அதை இங்கே கொண்டுவர வேண்டும் என்பதல்ல நம் பேச்சு. அந்தத் தொழிலின் விலை ஏற்பாட்டில் ஒன்று கவனிக்கத்தக்கது: விலங்கை உரித்தவரே பெரும்பாலும் சீவி, கட்டி, உலர்த்தி ஏலக் கூடத்துக்கு அனுப்புகிறார். அங்கே அளவு, நிறம், ரோம அடர்த்தி, சேதம் என்று தரம் பிரித்து ஏலம் விடுகிறார்கள். கத்தி தவறினால் யாருடைய கத்தியோ அவருடைய காசு குறைகிறது. கவனத்துக்குக் கிடைக்கும் கூலியும் அவரிடமே திரும்புகிறது.

நம்மிடம் அந்தச் சுற்று அறுந்து கிடக்கிறது. கறிக்கடைக்காரருக்கு வருமானம் கறியில். தோல் உபரி. நிதானமாக உரிக்க ஓர் ஆட்டுக்கு ஆகும் கூடுதல் நிமிடங்களுக்கு யாரும் பணம் தரவில்லை. ஞாயிறு காலை வரிசையில் நிற்கும் வாடிக்கையாளருக்குத் தோல் பற்றி என்ன கவலை? கால், வயிறு, கழுத்து ஆகிய திறப்புகளுக்கு மட்டும் கத்தியை வைத்துக்கொண்டு, மீதியைத் தொங்கவிட்ட ஆட்டில் கைமுட்டியால் தள்ளிப் பிரித்தால் தோல் சுத்தமாக வரும் என்பது அனுபவமுள்ள எந்தக் கடைக்காரருக்கும் தெரியும். தெரிந்தும் கத்தியே வேலை செய்கிறது, அதுதான் வேகம். ஓட்டையாவது கண்ணுக்குத் தெரியும்; தடிமனில் பாதி மட்டும் அறுத்த கீறல் சதைப் பக்கம் ஒளிந்திருந்து, சதை சீவும் இயந்திரத்திலோ டிரம்மிலோ கிழிகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆட்டுத் தோலில் பாதி என்பது சிறிய கீறல் அல்ல. முதுகின் நடுப்பகுதியில் அது விழுந்தால் அந்தத் தோலிலிருந்து ஒரு முழு ஷூ மேற்பகுதி எடுக்க முடியாமல் போகலாம்.

மிருதங்கம் கட்டுபவர்கள் இந்த இடத்தில் நம்மை முந்திவிட்டார்கள். டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ (2020) அவர்களுடைய உழைப்பை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அவர்கள் தோலை மாட்டோடு பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள். நல்ல தோலுக்கு அறுப்பிடத்திலேயே நல்ல விலை தருகிறார்கள். ஒரு கருவிக்கு வேண்டிய அளவு சிறியது, நமக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும் என்பது உண்மை. ஆனால் தரத்தை அறுப்பிடத்தில் தேட வேண்டும் என்ற அறிவு அளவைப் பொறுத்ததல்ல.

உரிப்பவரின் திறமைக்கு நாம் விலை வைக்காததற்கு வியாபாரம் மட்டும் காரணமில்லை. தோலை உரிப்பதும் உப்பிடுவதும் சாதியோடு பிணைத்துத் தாழ்வாக வைக்கப்பட்ட வேலைகள். தாழ்வென்று வைத்த வேலையில் நுணுக்கம் இருக்கும் என்று நினைக்க நம் சமூகம் பழகவில்லை. வெட் புளூவைத் தரம் பிரிப்பவரை நிபுணர் என்கிறோம், சம்பளம் தருகிறோம். அந்தத் தரத்தை உண்டாக்குகிற அல்லது அழிக்கிற கையைத் தோல் வருகிற வழியில் உள்ள ஒரு கட்டமாகவே பார்க்கிறோம்.

இந்தக் குறை புதிதல்ல. தோல் வரி பற்றி ஆராய 1929-30இல் ஒரு விசாரணைக் குழுவே அமைந்தது. 1937ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் தரப்பிரிப்பு முத்திரைச் சட்டத்தின், அதாவது அக்மார்க் சட்டத்தின் அட்டவணையில், பழத்தோடும் முட்டையோடும் தோல்களும் இடம்பெற்றிருந்தன. நெய்க்கு அக்மார்க் மக்கள் பழக்கத்தில் வந்துவிட்டது. தோலுக்குச் சட்டத்தில் இருந்த இடம் மண்டியில் இல்லாமல் போனது. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்த பிறகு உரிப்பு, உப்பிடல் பற்றிய ஆய்வுக்கும் பயிற்சிக்கும் பஞ்சமில்லை. குறைந்த உப்போடு போரிக் அமிலம், சிலிக்கா ஜெல், தாவரச் சாறுகள் என்று பல மாற்றுகள் அங்கே சோதிக்கப்பட்டன. ஒரே விலை நிலவும் சந்தையில் எந்த மாற்றையும் கடைக்காரர் ஏன் கையில் எடுப்பார்? கண்டுபிடிப்பு குறையவில்லை, வாங்குபவர் தரும் காரணம்தான் குறைவு.

உப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊறல் தொட்டியில் தோலை விட்டு இறங்கும் உப்பு, ஆலைக் கழிவுநீரில் கரைந்த திடப்பொருளின் பெரும்பங்கு. அதை எந்த உயிரியல் சுத்திகரிப்பும் தின்னாது. லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் வர ஆர்ஓ, அதன் பின் ஆவியாக்கி, அதன் பின் விற்கவும் கொட்டவும் இடமில்லாத கலப்பு உப்பு மூட்டைகள் என்று செலவு ஏறுகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்து, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை உறுதிப்படுத்தியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் வேலூர் வட்டாரப் பாலாற்று மாசு குறித்து மறுபடியும் கடுமையாகப் பேசியது. முப்பது ஆண்டாக ஒரே கேள்வி நம்மைத் துரத்துகிறது என்றால், குழாயின் கடைசி முனையை மட்டும் சரிசெய்துகொண்டிருந்தது போதவில்லை. மணிமங்கலத்துக்கு இது வெகு அருகில் உள்ள விஷயம். அடையாறு தொடங்குவதாகச் சொல்லப்படும் மலைப்பட்டு ஏரி இந்த ஊரை ஒட்டியது. இந்தப் பகுதியில் சாக்கடைக்கு விடும் உப்புநீர் எங்கே போய்ச் சேரும் என்று வரைபடம் பார்க்க வேண்டியதில்லை.

எனவே மணிமங்கலம் போன்ற இடத்துக்கு நாம் முன்வைப்பது முழு உப்பு அல்ல, வேகம். காலையில் உரித்த தோலைக் கழுவி, சதை சீவி, ஐஸ் பெட்டியிலோ லேசான உப்பிலோ வைத்து, அன்று மாலைக்குள் அல்லது மறுநாள் காலைக்குள் ஆலைத் தொட்டியில் இறக்கிவிட முடிகிற தூரம் இது. நாலு டிகிரியை ஒட்டிய குளிரில் தோல் சில நாள் தாங்கும். ஒரே இரவைக் கடக்க அதுகூட வேண்டாம், ஐஸ் போதும். ஒன்றரைக் கிலோத் தோலுக்கு 600 கிராம் என்று வைத்தால், ஆயிரம் தோலுக்கு 600 கிலோ உப்பு ஆலைக்குள் போகாமல் மிச்சம். அந்த மிச்சத்தால் சுத்திகரிப்புச் செலவிலும் ஒரு பங்கு குறையும். வெளிநாட்டு வாங்குவோரின் இரசாயனப் பட்டியல்களும் இந்தத் திசையையே காட்டுகின்றன. பென்டாகுளோரோபீனாலுக்கு ஜெர்மனி 1989இல் தடை விதித்தபோது நம் ஏற்றுமதி எவ்வளவு தடுமாறியது என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். போரிக் அமிலமும் 2010இல் ஐரோப்பாவின் கவலைக்குரிய பொருள் பட்டியலில் ஏறிவிட்டது. உப்புக்கு மாற்றாக இன்னொரு மருந்தைத் தேடுவதைவிட, மருந்தே தேவைப்படாத வேகத்தைத் தேடுவது நீடிக்கும்.

வேகத்துக்கும் விலை வைக்க வேண்டும். நாம் முன்வைக்கும் ஏற்பாடு சிறியது. ஒவ்வொரு தோலுக்கும் உரித்த நேரம் எழுதிய ஓர் அட்டை. மண்டியில் இரண்டே தரம்: நடுப்பகுதியில் வெட்டோ கீறலோ இல்லாமல், முடி இறுகி, மூன்று மணி நேரத்துக்குள் ஆற்றிப் பதப்படுத்தியது ஒன்று, மற்றவை இன்னொன்று. இரண்டு விலையும் பலகையில் எழுதியிருக்க வேண்டும். வித்தியாசத் தொகை கடை முதலாளியின் கணக்கில் மறைந்துபோகாமல் உரித்தவர் கையில் சேர வேண்டும். நல்ல புதிய உப்பையும் ஐஸையும் வாங்குபவரே கொண்டுவர வேண்டும். செலவை விற்பவர் தலையில் கட்டினால் பழைய உப்புதான் வரும். கடைசியாக, ஆலையில் வெட் புளூ தரம் பிரித்த கணக்கு எந்தக் கடைத் தோல் என்ற குறிப்போடு மாதம் ஒருமுறை திரும்பி வர வேண்டும்.

எதிர்ப்பு என்ன வரும் என்று தெரியும். ஆட்டுத் தோல் விலை விழுந்து, பல ஊர்களில் குப்பையில் போகும் நிலையில், தரம் பிரிக்கும் கூலியே கட்டாது என்பார்கள். செயற்கைப் பொருளும் தோலில்லாக் காலணியும் சந்தையைப் பிடித்துவிட்டது உண்மைதான். தமிழ்நாடு அரசின் 2022 காலணி, தோல் பொருள் கொள்கைக்குப் பின் வரும் பெரிய முதலீடுகளில் தோலில்லாக் காலணிக்கே முன்னிடம். ஆனால் இந்த நிலையில்தான் தரம் இன்னும் முக்கியமாகிறது. மலிவுச் சரக்கில் செயற்கைப் பொருளோடு தோல் போட்டியிட்டு ஜெயிக்காது. ஜெயிக்கும் இடம் சுத்தமான முழு மேற்பரப்புத் தோல். அதைத் தருவது கறிக்கடை. மொத்த விலையை உயர்த்தச் சொல்லவில்லை நாம். கெட்ட தோலுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதியை நல்ல தோலுக்கு நகர்த்தச் சொல்கிறோம். தோலுக்கு ஆலை கொடுக்கும் மொத்தத் தொகை மாறாது, தேறும் தரம் மாறும்.

ஆலைக்காரர்கள் ஒரே மாதிரித் தோல் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்பார்கள். அதுவும் நியாயமே. அதனால்தான் ஒரு கடையை வைத்து அல்ல, படப்பை, மணிமங்கலம், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று ஒரு பாதைக்கு ஒரு வண்டி என்ற அளவில் தொடங்க வேண்டும். நேரத்தை மாற்றி எழுதி ஏமாற்றுவார்கள் என்பதும் நடக்கலாம். முடியை இழுத்துப் பார்க்கும் விரல் அட்டையைவிட நம்பகமானது. அட்டை பொய் சொன்னால் தோல் காட்டிக்கொடுக்கும். தோல் எங்கிருந்து வந்தது என்று அறுப்பிடம் வரை பின்தொடரச் சொல்லும் லெதர் ஒர்க்கிங் குரூப் போன்ற தணிக்கைகளுக்கு இந்த அட்டைகளே ஆதாரமாகவும் பயன்படும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு பாதையில் இதைத் தொடங்கி, மார்கழி முடியும் வரை நடத்திப் பார்க்கலாம். அந்த மூன்று மாதமும் ஈரக் காற்று தோலைச் சோதிக்கும் காலம். அப்போது தாக்குப்பிடித்தால் பாதிக் கவலை தீரும். செய்து பார்க்கும் மண்டிக்காரரும் ஆலைக்காரரும் தரப்பிரிப்புத் தாளை நமக்கு அனுப்பினால் பெயர் வெளியிடாமல் பதிப்பிப்போம். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் கணக்கு பொதுவில் இருக்கட்டும். உரிப்புப் பயிற்சி முகாம்களை நாம் வரவேற்கிறோம். ஆனால் முகாமிலிருந்து கடைக்குத் திரும்பும் தொழிலாளிக்கு, நேற்று அவர் உரித்த தோல் எந்தத் தரத்தில் தேறியது என்று தெரிய வேண்டும். அதற்குரிய காசு இன்று கையில் வர வேண்டும். அதற்கு வழி செய்யாமல் அவரிடம் கவனத்தைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.